மை இருக்கிறது, எழுத்து வரவில்லை

கோண்டாவிலிலிருந்து ஒரு ரியூசன் ஆசிரியை எழுதியிருக்கிறார். நல்லூர்த் திருவிழா நடந்த 25 நாளும் வகுப்பு இல்லை. வீட்டு அச்சுப்பொறியையும் அவர் தொடவில்லை. திருவிழா முடிந்து வினாத்தாள் அச்சிட உட்கார்ந்தார். தாள் உள்ளே போகிறது, அச்சுத்தலை இங்குமங்கும் ஓடும் சத்தம் கேட்கிறது, வெளியே வருவதோ வெற்றுத் தாள். காட்ரிட்ஜ் இரண்டிலும் மை இருக்கிறது. கணினியிலிருந்து சுத்தம் செய்யும் கட்டளையை மூன்று முறை கொடுத்தும் பயனில்லை. கடைக்காரர் தொலைபேசியிலேயே, "அது முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். மாமி நாவூறு என்று சொல்லி, அன்றிரவு அச்சுப்பொறியின்மேல் ஒரு தேசிக்காயை வைத்தார். மறுநாள் காலை நீலமும் சிவப்பும் மஞ்சளும் தெளிவாக வந்தன. கறுப்பு மட்டும் வரவில்லை. "தேசிக்காயை நான் நம்பவில்லை. ஆனால் அந்த இரவில் என்னதான் நடந்தது? கறுப்பை மட்டும் ஏன் விட்டுவிட்டது?" என்று கேட்கிறார்.

இவ்வளவு அருமையான கேள்வி எனக்கு வந்து நெடுநாளாகிறது.

வழக்கமான சோதனைகளை விரைவாகக் கடந்துவிடுவோம். மின்சாரம், கேபிள் அல்லது வைஃபை, கணினியில் தேங்கி நிற்கும் பழைய அச்சுக் கட்டளைகள், சரியான அச்சுப்பொறி தெரிவாகியிருக்கிறதா என்பது, புதிய காட்ரிட்ஜ் என்றால் அதன் பாதுகாப்பு நாடாவை உரித்தோமா என்பது. மாரி காலத்தில் ஈரம் குடித்த தாள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்குவதும் உண்டு. ஆனால் இந்த ஆசிரியையின் அச்சுப்பொறியில் கட்டளை போயிருக்கிறது, தாளும் போயிருக்கிறது, தலையும் ஓடியிருக்கிறது. மைத்துளி மட்டும் புறப்படவில்லை. ஆகவே துளி எப்படிப் புறப்படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அவரிடம் இருப்பது காட்ரிட்ஜின் அடியிலேயே அச்சுத்தலை பொருத்தப்பட்ட வகை. அந்தத் தலையில் சில நூறு துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மைக்கிரோமீற்றர் அகலம். தலைமயிரின் தடிப்பில் பாதியும் தேறாது. துளை கீழ்நோக்கித் திறந்திருந்தும் மை ஒழுகுவதில்லை. உள்ளே இருக்கும் பஞ்சு மையை மெல்லப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. துளை வாயில் மேற்பரப்பு இழுவிசை ஒரு தோல்போல நின்று காக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஒரு சிறு அறை. அந்த அறையில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறும் ஒரு மின்தடை, அதாவது கண்ணுக்குப் புலப்படாத ஓர் அடுப்பு.

கேத்தலில் தண்ணீர் கொதிப்பதை நினைத்துப் பாருங்கள். அடியில் உள்ள கீறல்களிலும் பள்ளங்களிலும் ஒளிந்திருக்கும் காற்றிலிருந்து குமிழிகள் பிறந்து, ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. 100 பாகையில் தண்ணீர் கொதிக்கிறது என்று பாடசாலையில் படித்தது இந்த நிதானமான கொதிப்பைப் பற்றித்தான். அச்சுத்தலையில் அந்த நிதானத்துக்கு இடமே இல்லை. மின்துடிப்பு ஒன்றிரண்டு மைக்கிரோசெக்கன்களில் முடிந்துவிடும். ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்கிரோசெக்கன். அதற்குள் அடுப்பை ஒட்டிய மைப்படலம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைத் தொடுகிறது. அதே வேகத்தில் ஒரு செக்கன் முழுதும் சூடேற்ற முடியுமென்றால் வெப்பநிலை பத்துக் கோடிப் பாகையையும் தாண்டிவிடும்! 100 பாகையை அந்தத் திரவம் கடந்து போனது உண்மை. ஆனால் அங்கே நின்று குமிழி விட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. திரவமாகவே 300 பாகைக்கு ஏறிவிட்டது. அந்த எல்லையில் திரவமாக இருப்பது இனி இயலாத காரியம். அடுப்பின் பரப்பு முழுவதும் ஒரே கணத்தில் ஆவியாக வெடிக்கிறது.

வெடிக்கும் படலத்தின் தடிப்பு ஒரு மைக்கிரோமீற்றரிலும் குறைவு. அறையிலுள்ள மீதி மைக்குச் சூடு உறைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறந்த குமிழியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போலப் பல பத்து மடங்கு. அது முன்னாலுள்ள மையைத் துளை வழியே தள்ளுகிறது. ஏறத்தாழ பத்துப் பதினைந்து மைக்கிரோசெக்கன்களில் குமிழி குளிர்ந்து, தனக்குள்ளேயே குலைந்து விழுகிறது. அந்தக் குலைவு மையைப் பின்னோக்கிச் சுண்டி இழுக்க, வெளியே நீட்டிக்கொண்டிருந்த மைத்தூண் வால் அறுந்து, உருண்டு துளியாகித் தாளை நோக்கிப் பாய்கிறது. வெறுமையான அறையை மயிர்த்துளை இழுப்பு, அதாவது நுண்ணிய வழிகளில் திரவம் தானாகவே ஏறும் இயல்பு, மறுபடி நிரப்புகிறது. இந்த முழு நாடகமும் ஒரே துளையில் ஒரு செக்கனுக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் நடக்கக்கூடியது. அந்தத் துளி எவ்வளவு சிறியது என்றால், நான்கு பிக்கோலீற்றர் (ஒரு பிக்கோலீற்றர் என்பது ஒரு லீற்றரில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு) அளவிலான துளியாக எடுத்துக்கொண்டால் ஒரு தேக்கரண்டி மையில் 125 கோடித் துளிகள் கிடைக்கும். வினாத்தாளில் ஒரு முற்றுப்புள்ளி விழும்போது அதற்குள் எத்தனை வெடிப்புகள் நடந்திருக்கின்றன என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இதற்கு ஒரு விபத்துக் கதை சொல்வார்கள். 1977இல் ஜப்பானின் கனோன் ஆய்வுகூடத்தில் இச்சிரோ எண்டோ என்ற பொறியியலாளர் வேலை செய்துகொண்டிருந்தபோது, சூடான பற்றாசுக்கோல் ஒன்று மை நிரப்பிய ஊசியில் பட்டு, ஊசி முனையிலிருந்து மை பாய்ந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் ஜோன் வோட் தனியாக இதே கருத்துக்கு வந்து சேர்ந்தார். ஹியூலட் பக்கார்டின் இவ்வகை முதல் பொறி 1984இல் சந்தைக்கு வந்தது. கனோனின் பொறி 1985இல். அந்த ஊசியிலிருந்து மை பாய்ந்த நாளுக்கும் விற்பனைக்கும் இடையில் எட்டு ஆண்டுகள். இலாபம் எதுவும் வராத அந்த எட்டு ஆண்டும் யாரோ சம்பளம் கொடுத்தார்கள், கருவி வாங்கிக் கொடுத்தார்கள், தோல்வியைப் பொறுத்துக்கொண்டார்கள். நம் நாடு ஆய்வுக்கும் விருத்திக்கும் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்துக்கும் குறைவு. நம் மாணவர்களின் மேசையிலும் விபத்துகள் நடக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்து போக அவர்களுக்கு எட்டு ஆண்டு கொடுக்க ஆளில்லை. இன்று இதே துளித் தொழில்நுட்பத்தால் மின்சுற்றுகளையும் சூரியக் கலங்களையும் உலகில் அச்சிட்டுப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையிலும் சூரியக் கலங்கள் பற்றிய ஆய்வு நெடுங்காலமாக நடக்கிறது. அந்தக் கைகளுக்குப் பணம் போய்ச் சேர வேண்டும் என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, அந்த 25 நாளுக்கு வருவோம். மையில் பெரும்பகுதி தண்ணீர். அதோடு எளிதில் காயாமலிருக்கக் கிளிசரின் போன்ற பொருட்கள், பிறகு நிறம். வேலை முடிந்ததும் அச்சுத்தலை ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியில் அமர்கிறது. அந்த மூடிதான் துளைகளைக் காயவிடாமல் காக்கிறது. பொறியின் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் தலை ஒழுங்காக மூடியில் அமர்ந்துவிடும். சுவரிலுள்ள சுவிச்சை நிறுத்தினாலோ, நடுவில் மின்வெட்டு வந்தாலோ தலை நின்ற இடத்திலேயே திறந்தபடி நின்றுவிடும். 2022இல் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், அச்சிட்டுக்கொண்டிருந்த எத்தனையோ பொறிகள் இப்படித் திறந்த வாயோடு கிடந்தன. ஆசிரியையும் சுவர் சுவிச்சைத்தான் நிறுத்தியிருக்கிறார். சோளகக் காற்று வீசும் வீட்டில், துளை வாயிலுள்ள மையிலிருந்து தண்ணீர் ஆவியாகப் போக, மிஞ்சியது பாகாகி, பிறகு ஓர் அடைப்பாகிவிட்டது. பின்னால் குமிழி வெடித்தாலும் அந்த அடைப்பைத் தள்ள அதற்கு வலு போதாது.

இனி அந்த இரவு. பெரும்பாலான வீட்டு அச்சுப்பொறிகளில் வண்ண மைகள் சாய வகை. சீனி தண்ணீரில் கரைவதுபோலச் சாயம் மூலக்கூறு மூலக்கூறாகக் கரைந்திருக்கும். காய்ந்தாலும் மறுபடி ஈரம் பட்டால் கரையும். கறுப்பு பல பொறிகளில் நிறமி வகை, அதாவது கரையாமல் மிதக்கும் நுண்ணிய கரித்தூள். எழுத்து கூர்மையாகவும் தண்ணீர் பட்டால் அழியாமலும் இருப்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அது காய்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிரிப்பது கடினம். ஆசிரியை மாலையில் மூன்று முறை சுத்தம் செய்தபோது, மூடியின் கீழிருந்த பம்பு உறிஞ்சியதால் புதிய மை அடைப்புக்குப் பின்னால் வந்து நின்றது. தலையும் இம்முறை மூடியில் சரியாக அமர்ந்திருந்தது. இரவு முழுவதும் அந்தப் புதிய மை சாய அடைப்பை ஊறவைத்துக் கரைத்தது. நிறமி அடைப்பு கரையவில்லை. தேசிக்காய் வைத்த இடத்தில் ஒரு மாம்பழத்தை வைத்திருந்தாலும், எதையுமே வைக்காதிருந்தாலும் விடியும்போது இதே நீலமும் மஞ்சளும்தான் வந்திருக்கும்.

மாமியின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. வீட்டில் ஒரு பொருள் பழுதானால் அக்கறைப்படுகிற மனம் அது. ஆனால் நாவூறு என்று சொன்னவுடன் கேள்வி அங்கேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம். நாவூறு ஏன் வண்ணத்தை விட்டுக் கறுப்பைப் பிடித்தது என்று கேட்க வழியில்லை. சாயம்போலக் கரைந்த கரைசலும், நிறமிபோலக் கரையாமல் மிதக்கும் தொங்கலும் வேறு வேறு என்று தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியே பாதி விடை. கேட்டுத் துருவிய அந்த ஆசிரியையிடம் படிக்கும் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

இப்போது கறுப்பை மீட்க வேண்டும். முதலில், சுத்தம் செய்யும் கட்டளையை மேலும் மேலும் கொடுக்க வேண்டாம். மை வராத அறையில் அடுப்பு எரிந்தால் அதைக் குளிர்விக்க எதுவும் இல்லை, அடுப்பே கருகிவிடும். மை இருக்கும்போதுகூட அந்த 300 பாகைச் சூட்டில் மெல்ல மெல்ல ஒரு கருகல் படிவு சேரும். ஆய்வாளர்கள் அதைக் கொகேஷன் என்கிறார்கள். தீய்தலைக் குறிக்கும் கொகெரு என்ற ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. பானையில் சோறு அடிப்பிடிப்பதும் அதுவும் ஒன்றுதான். மேலும், சுத்தம் செய்யும்போது வெளியேறும் மை எல்லாம் பொறியின் அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேர்ந்து வீணாகிறது.

கறுப்புக் காட்ரிட்ஜைக் கழற்றி, நான்காக மடித்த டிசுவை இளஞ்சூடான தண்ணீரில் நனைத்து, அதன்மேல் துளைப் பக்கத்தை வைத்து இரண்டு மூன்று நிமிடம் மெல்ல அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, குண்டூசியைப் பக்கத்திலும் கொண்டுவரக் கூடாது. செப்பு நிறத் தொடுமுனைகளில் ஈரமோ விரலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் யாழ்ப்பாணத்தில் தவறு நடக்கிறது. நம் கிணறுகள் சுண்ணக்கல்லில் இறங்கியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியம் காபனேற்று 20 மைக்கிரோமீற்றர்த் துளையிலும் படியும். கல்சியம் அயன்கள் நிறமித் துகள்களைத் திரளவும் வைக்கும். நான் முன்பு ஒருமுறை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரால் துடைத்த காட்ரிட்ஜ், காய்ந்த பிறகு முன்னிலும் மோசமாக அடைத்துக்கொண்டது. வாகன பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் கடைகளில் கிடைக்கும், அதையே பயன்படுத்துங்கள். அமிலம் கலந்த போத்தலும் பக்கத்தில் இருக்கலாம், சுட்டியை வாசித்து வாங்குங்கள்.

டிசுவில் ஒரு கறுப்புக் கோடு முழுமையாகப் பதிந்தால் துளைகள் திறந்துவிட்டன. கோடு பதிந்தும் தாளில் எழுத்து வரவில்லையானால் தொடுமுனைகளை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் அடுப்புகள் கருகியிருக்கலாம். அப்போதும் மாற்ற வேண்டியது அந்தக் கறுப்புக் காட்ரிட்ஜ் ஒன்றை மட்டுமே. தலை அதோடு ஒட்டியிருப்பதால் புதிய காட்ரிட்ஜோடு புதிய தலையும் வந்துவிடும். தொட்டியில் மை ஊற்றும் வகைப் பொறிகளில் தலை நிரந்தரமானது, குழாயில் காற்று அடைப்பதும் உண்டு. அவற்றுக்கு இந்த வைத்தியம் அப்படியே பொருந்தாது.

வினாத்தாள் நாளைக்கே தேவை என்று ஆசிரியை எழுதியிருந்தார். சில பொறிகளில் கறுப்புக் காட்ரிட்ஜைக் கழற்றி வைத்துவிட்டால், நீலமும் சிவப்பும் மஞ்சளும் கலந்து எழுத்தை அச்சிட்டுத் தரும். சற்றுப் பழுப்போடிய கறுப்பாக இருக்கும். பிள்ளைகள் வாசிக்க அது போதும்.