தாத்தாவின் கோட்டில் செம்பு மினுங்குவது ஏன்?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தாத்தாவின் பழைய கருப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து, வீட்டிலுள்ள இங்க்ஜெட் பிரிண்டரில், பளபளப்புத் தாளில் அச்சிட்டாராம். நேராகப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. கையிலெடுத்துச் சற்றே சாய்த்தால் தாத்தாவின் கருப்புக் கோட்டு துலக்கிய செம்புபோல மினுங்குகிறது. போதாக்குறைக்கு, விளக்கொளியில் சாம்பலாக இருந்த பின்னணி, ஜன்னலருகே போனதும் பச்சை தட்டுகிறது. "மையில் ஏதும் கலப்படமா?" என்று கேட்கிறார்.

மை சுத்தமான மைதான். குற்றவாளி ஒளி.

பிரிண்டரின் வேலை தெரிந்ததே. அச்சுத்தலை இடமும் வலமும் ஓட, நுண்துளைகளிலிருந்து மைத்துளிகள் தெறிக்கின்றன. 2 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துளி ஒன்றின் விட்டம் சுமார் 16 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். புள்ளிகள் நெருங்கினால் கருமை, விலகினால் சாம்பல். 1977இல் கேனான் நிறுவனத்தின் ஆய்வாளர் இச்சிரோ எண்டோ, மை நிரம்பிய ஊசிமேல் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட்டதும் முனையிலிருந்து மை பீய்ச்சியடித்ததைக் கண்டார். மையைச் சூடாக்கித் தெறிக்கவிடும் அந்நிறுவனத்தின் வெப்பமுறைப் பிரிண்டர்களுக்கு அதுதான் தொடக்கம். "ஊசியைச் சுட்டுப் பார்க்கப் போகிறேன்" என்று நிதி கேட்டு விண்ணப்பித்தால் எந்தக் குழு கையெழுத்துப் போடும்? 'எதிர்பார்க்கும் பயன்' என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லும் படிவங்களைப் பார்த்தாலே எனக்கு இந்த ஊசிதான் நினைவுக்கு வருகிறது.

விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி, பிசின், ஜெலட்டின் போன்ற பொருள்களின்மேல் நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் உள்ளே நுழையாமலே திரும்பிவிடும். அடியில் எவ்வளவு கரிய மை இருந்தாலும் இந்த 4 சதவீதத்தை அது விழுங்க முடியாது. ஒளி அதனிடம் போய்ச் சேரவே இல்லையே. பளபளப்புத் தாளும் பளபளப்பில்லாத மேட் தாளும் இதில் ஒன்றுதான். திரும்பும் ஒளி எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் வேறுபாடு. மேட் தாளின் கரடுமுரடான முகம் அதை எல்லாத் திசையிலும் இறைக்கிறது. எங்கிருந்து பார்த்தாலும் கருப்பின்மேல் மெல்லிய சாம்பல் திரை. வழுவழுப்பான முகமோ அத்தனையையும் ஒரே திசையில் அனுப்பிவிடுகிறது. அந்தத் திசையை விட்டு நம் கண் விலகியிருந்தால் கருப்பு கருப்பாகவே தெரியும். காய்ந்த கரும்பலகை வெளுத்துக் கிடக்கும், ஈரத்துணியால் துடைத்ததும் கன்னங்கரேலென்று ஆகும் அல்லவா? நீர்ப்படலம் சற்று நேரத்துக்கு அதைப் பளபளப்புத் தாளாக்கிவிடுகிறது. நல்ல மேட் அச்சின் ஆழ்ந்த கருப்பு சுமார் 2.5 சதவீத ஒளியைத் திருப்புகிறது என்றால், பளபளப்புத் தாளில் அது அரை சதவீதத்துக்கு இறங்கும்.

ஆக, தாளைச் சாய்க்கும்போது நாம் பார்ப்பது அந்த ஒரே திசையில் போகும் ஒளியை. அது வெள்ளையாகத்தானே இருக்க வேண்டும்? செம்பு எங்கிருந்து வந்தது?

நீல பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, வழவழப்பான அட்டையில் ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை அழுத்திக் கிறுக்குங்கள். காய்ந்ததும் விளக்குக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். நீலத்தின்மேல் சிவப்பு கலந்த செப்புப் பளபளப்பு ஓடும். பள்ளி நாள்களில் எல்லோரும் பார்த்திருப்போம், ஏன் என்று கேட்டிருக்க மாட்டோம். நீல மை நீலமாக இருப்பதே சிவப்புப் பக்கத்து ஒளியை ஆர்வமாக விழுங்குவதால்தான். ஆனால் ஒரு நிறத்தை மிதமிஞ்சி விழுங்கும் பொருள் அடர்த்தியாகத் திரண்டு நின்றால், அதே நிறத்தை வாசலிலேயே திருப்பி அடிக்கத் தொடங்கிவிடும். அந்த நிற ஒளிக்கு அதன் எலக்ட்ரான்கள் அவ்வளவு பலமாக ஆடுகின்றன. ஆடும் எலக்ட்ரான் தானே ஒளியை உமிழும். உலோகங்கள் மின்னுவது இதே குணத்தின் உச்சம். உள்ளே போனால் சிவப்புக்கு மரணம், வாசலில் நின்றால் சிவப்புக்கே மரியாதை! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று ஒரு பேனாவின் மை முழுவதையும் கிறுக்கியே தீர்த்தேன்.

பிரிண்டரின் சயான் (பச்சை கலந்த நீல) மையும் சிவப்பை விழுங்குவதில் கெட்டிக்காரன். கோட்டின் கருமைக்கு அடர்த்தி கூட்டப் பிரிண்டர் அதையும் சேர்த்துத் தெளிக்கிறது. மை நிறமி வகையாக, அதாவது கரையாத வண்ணத் துகள்கள் மிதக்கும் வகையாக இருந்தால், அதன் துகள்கள் சுமார் 100 நானோமீட்டர் அளவு. தாளின் பூச்சிலுள்ள துளைகளோ சில பத்து நானோமீட்டர்தான். துகள் நுழைய முடியாமல் மேலேயே படிந்து, தாளின் முகமே நிறமியாகிவிடுகிறது. அதனால்தான் மை தடித்த கோட்டில் செம்பு மின்னுகிறது, மை மெலிந்த தாத்தாவின் நெற்றியில் இல்லை. கருப்பு மையிலுள்ள கார்பன் நிறமியும் தன் பங்குக்குக் கொஞ்சம் பழுப்பு காட்டும். வண்ணம் கரைந்தே இருக்கும் சாய மையின் மூலக்கூறுகள் துளைக்குள் இறங்கிவிடுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் காற்றிலுள்ள ஓசோன் பட்டுச் சீக்கிரம் வெளுக்கும். நெடுநாள் வைத்திருக்கும் படத்துக்கு என் ஓட்டு நிறமிக்கே.

இருட்டறையில் கழுவிய படத்துக்குத்தான் ஆன்மா உண்டு என்று பெருமூச்சு விடுவோர் இன்றும் உண்டு. அங்கே வெள்ளித் துகள்கள் ஜெலட்டினுக்குள் புதைந்திருக்கின்றன. மேலே நிறமற்ற வழுவழுப்பு. அதனால் அங்கே செம்பு மினுங்குவதில்லை. அந்த ஆன்மாவின் தடிமன் சில மைக்ரோமீட்டர்.

பச்சை தட்டும் கதை சுருக்கமானது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்றையும் கலந்து செய்த சாம்பல், கயிற்றின்மேல் நடப்பவனைப் போன்றது. விளக்கொளி பகலொளியாக மாறியதும் தடுமாறிவிடும். கார்பன் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாக விழுங்குவதால் அசையாது. பல மலிவான நான்கு மைப் பிரிண்டர்கள், தாள் வகையில் பளபளப்பைத் தேர்ந்தெடுத்ததும் கருப்பு மையைத் தொடாமலே மூன்று வண்ணத்தில் கருப்பைச் சமைக்கின்றன. சாம்பல், வெளிர்சாம்பல் மைகள் தனியாக உள்ள பிரிண்டரில் கருப்பு வெள்ளை முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

செம்புக்கு மருந்து, அந்த வெள்ளித் துகள்களைப் போல நிறமியையும் புதைப்பதுதான். சில பிரிண்டர்களில் இதற்கென்றே நிறமற்ற மெருகு மை இருக்கிறது. இல்லையென்றால், அச்சுப் படங்களுக்கான வார்னிஷ் ஸ்பிரேயை மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை அடிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டிவிடுங்கள். கண்ணாடியின் வெள்ளைப் பிரதிபலிப்பு செம்பை அமுக்கிவிடும். மாட்டுவதற்கு முன் ஒரு நாளாவது படத்தின்மேல் வெற்றுத்தாளைப் பரப்பி வையுங்கள். மையிலுள்ள கிளைக்கால் என்ற கரைப்பான் மெதுவாகத்தான் ஆவியாகும். அவசரப்பட்டால் அது கண்ணாடியின் உள்பக்கம் படிந்து, தாத்தா பனிமூட்டத்துக்குள் நிற்பார்.