எங்கும் ஆடும் வீரரை எங்கே நிறுத்துவது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் மாத டிராஃப்ட் நெருங்கினால் போதும், "ஐந்து இடங்களில் ஆடக்கூடியவர்" என்ற விளம்பரத்தோடு ஒரு கல்லூரி வீரராவது வந்துவிடுவார். கல்லூரி ஆட்டங்களின் வீடியோவைப் பார்த்து வீரர்களை மதிப்பிடுவது என் தொழில். அந்த விளம்பரம் எனக்கு உற்சாகத்தைவிடச் சந்தேகத்தையே கிளப்புகிறது. ஐந்து இடங்களிலும் ஆடினார், சரி. அவற்றில் எந்த இடத்தில் அவர் நின்றபோது எதிரணி தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது?

ஐசையா சிம்மன்ஸ் நல்ல உதாரணம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் லைன்பேக்கராகவும் (தடுப்பின் இரண்டாம் வரிசை) சேஃப்டியாகவும் (கடைசிக் காவல்) நின்றார். உட்பக்கமாக நின்று பந்தைப் பிடிக்க ஓடும் ஸ்லாட் ரிசீவரை மறித்தார். ஓரத்திலிருந்து, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை நோக்கியும் பாய்ந்தார். 2019இன் சிறந்த கல்லூரி லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அவருக்கே. 238 பவுண்டு உடம்போடு, டிராஃப்டுக்கு முந்தைய உடல்திறன் தேர்வான கம்பைனில் 2020இல் 40 கஜத்தை 4.39 விநாடியில் ஓடியபோது எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அரிசோனா கார்டினல்ஸ் அவரை 8ஆவது தேர்வாக எடுத்து, நடுவில் லைன்பேக்கராக நிறுத்தியது.

சிக்கல் அங்கேதான். கல்லூரியில் பெரும்பாலும் திறந்தவெளியில் கண்டதைத் துரத்தியவர், இப்போது முன்வரிசையில் மோதும் 300 பவுண்டு லைன்மேன்களுக்குப் பின்னால் நின்று, அவர்களுடைய முதல் அசைவிலேயே ஆட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். அரை நொடி தயங்கினால் 4.39 வேகத்தால் பயனில்லை. பிறகு இடங்கள் மாறின. 2023இல் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையை வேண்டாம் என்ற அணி, அதே ஆண்டு ஆகஸ்டில், டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் ஒரு தேர்வுக்கு அவரை நியூயார்க் ஜயன்ட்ஸிடம் தந்துவிட்டது. பழியை முழுக்க அவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. கொரோனாவால் 2020இல் வசந்தகாலக் களப்பயிற்சியும் இல்லை, சீசனுக்கு முந்தைய ஆட்டங்களும் இல்லை. புது வேலை கற்க அதைவிட மோசமான ஆண்டு அமையாது.

கைல் ஹாமில்டன் கதை வேறு. நோட்டர் டேம் சேஃப்டியான அவர் 2022 கம்பைனில் 40 கஜத்தை 4.59 விநாடியில் ஓடியதும், வேகம் போதாது என்று முணுமுணுத்தார்கள். 14ஆவது இடம்வரை சரிந்தவரை பால்டிமோர் ரேவன்ஸ் எடுத்தது. முதல் ஆண்டில் பெரும்பாலும் ஸ்லாட்டை மறிக்கும் வேலை; அது கைவந்த பிறகு மற்றவை. 2023இல், அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் முதல் அணியில் இடம்பிடித்தார். என் அனுபவத்தில், ஓட்ட நேரத்தைவிட இந்த வரிசைதான் முக்கியம்.

ஆகவே நான் தொகுப்புக் காணொளிகளைத் தொடுவதில்லை. 22 பேரும் தெரியும் அகலக் காட்சியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்னாப்பிலும் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைக் கொடுக்கும் கணம்) எங்கே நின்றார், என்ன பொறுப்பு, பந்து நகர்ந்ததும் முதல் அடியை எந்தப் பக்கம் வைத்தார் என்று குறிக்கிறேன். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த இடத்தில் அவர் முன்கூட்டியே உணர்ந்து ஆடுகிறார், எங்கே தவறாக அடிவைத்து வேகத்தால் சமாளிக்கிறார் என்பது அதில் வெளிப்பட்டுவிடும். கல்லூரியில் வேகம் தவறுகளை மூடிவிடும். என்எஃப்எல்லில் எதிரே இருப்பவரும் அதே வேகக்காரர்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பயிற்சியாளர் அவரை ஏன் நகர்த்தினார்? எதிரணியின் சிறந்த ரிசீவரைக் கட்டிப்போட நகர்த்தினால் அது நம்பிக்கை. எதிரணி பந்தோடு ஓடுவதைத் தடுக்கத் தெரியாத வீரரை அந்த இடத்திலிருந்து விலக்கினால் அது மறைப்பு. மதிப்பெண் அட்டையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

வீரரின் குடும்பம் இதைக் கவனிப்பதில்லை. எத்தனையாவது தேர்வு என்பதில்தான் எல்லோருக்கும் கண். மைக்கா பார்சன்ஸ் 2021இல் 12ஆவதாகத்தான் போனார். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கரான அவரை டாலஸ் அணி, ஆட முடியாமல் போனவர்களின் இடத்தை நிரப்ப இரண்டாவது வாரமே ஓரத்துக்கு நகர்த்தியது. குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வதே அவருடைய முக்கிய வேலையாகிவிட்டது. அந்த ஆண்டே 13 சாக் (பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது), சிறந்த புதுமுகத் தடுப்பாளர் விருது.

அணிகளுடன் பேச்சு நடக்கும்போது ஏஜென்ட் கேட்க வேண்டியது இதுதான்: செப்டம்பரில் முதல் ஆட்டத்தின் முதல் டவுனில் (முதல் முயற்சியில்) இவர் எங்கே நிற்பார், அந்த வேலையைக் கற்றுத்தரப்போகும் பயிற்சியாளர் யார்? "எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்துவோம்" என்று மட்டும் பதில் வந்தால், அந்த அணியிடம் இன்னும் திட்டம் இல்லை.