ஆடிட்டர் ஆபீஸில் ஒரு நீல ‘இ’

மதுரையில் ஓர் ஆடிட்டருக்கு இணையதளம் செய்து கொடுத்திருந்தேன். மறுநாள் காலையிலேயே போன். “தம்பி, உங்க சைட்டு கலரே இல்லாம, எல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா தொங்குதே!”

நேரில் போனேன். விண்டோஸ் 7 கணினி, அதில் அந்த நீல ‘இ’. மைக்ரோசாஃப்டின் பழைய பிரவுசர், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11. நிறங்களை நான் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) மாறிகளில், அதாவது பெயரிட்டுச் சேமித்த மதிப்புகளில், வைத்திருந்தேன். எக்ஸ்ப்ளோரர் அவற்றைப் படிக்கவே படிக்காது. பக்க அமைப்புக்கு கிரிட், அதாவது பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் வசதி. வேடிக்கை என்னவென்றால், கிரிட்டை முதலில் கொண்டுவந்ததே எக்ஸ்ப்ளோரர்தான், 2012இல் வந்த 10ஆம் பதிப்பில். அப்போது அது வெறும் வரைவு. இலக்கணம் மாறி, எல்லா பிரவுசர்களுக்கும் பொதுவான விதி (தரநிலை) ஓரளவு நிலைத்த பிறகு 2017 மார்ச்சில் குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் அதை ஏற்றன. எக்ஸ்ப்ளோரர் மட்டும் பழைய பாடத்தையே ஒப்பித்துக்கொண்டு நின்றுவிட்டது.

இன்னும் இதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு தளத்துக்காகவாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினால் ஆக்டிவ்எக்ஸ் என்ற எக்ஸ்ப்ளோரருக்கே உரிய துணை நிரல் வழியாக இதில்தான் ஓடும். சரி, அது அவர்கள் தப்பில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் பெண் அதே பிரவுசரில் பக்கத்து டேப்பில் நெட் பேங்கிங்கைத் திறந்து வைத்திருந்தார். எனக்கு அங்கேதான் பகீர் என்றது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் எக்ஸ்ப்ளோரர் 11க்கு 2022 ஜூனிலும் மைக்ரோசாஃப்ட் மூடுவிழா நடத்திவிட்டது. இனி அந்தக் கணினியில் பாதுகாப்பு ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை.

ஒரே பிரவுசரை நம்பி எழுதுவதன் அவதி தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன் பல தமிழ்த் தளங்கள் டைனமிக் ஃபான்ட்டில், அதாவது பக்கத்தோடு சேர்ந்தே இறங்கும் எழுத்துருவில், இருந்தன. அந்த எழுத்துருக் கோப்பு (இஓடி) எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும். மற்றவற்றில் புரியாத எழுத்துக் குப்பை. தரநிலையின் செல்லப்பிள்ளையான பயர்பாக்ஸும் அப்போது முழு யோக்கியமில்லை. பத்தியை இருபுறமும் சீராக்கினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று எழுத்துகள் பிய்ந்து போகும். 2008இல் 3ஆம் பதிப்பு வந்துதான் சரியானது.

இப்போது ஒரே பிரவுசரில் மட்டும் பார்த்துவிட்டு விடும் அந்தச் சோம்பல் எங்கள் தொழிலில் குரோம் பெயரில் திரும்பியிருக்கிறது. நானும் விதிவிலக்கில்லை. ஒரு கல்யாண மண்டபத் தளத்தில் தேதிக்கும் நேரத்துக்கும் நடுவே வெறும் இடைவெளி விட்டு நிரல் எழுதியிருந்தேன். குரோம் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டது. மண்டபக்காரர் ஐபோனில் திறந்தால், முகூர்த்தத் தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘இன்வேலிட் டேட்’! தரநிலைப்படி நடுவே ‘T’ என்ற ஆங்கில எழுத்து வர வேண்டும். சஃபாரியைத் திட்டிவிட்டு, அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன்.

அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் இரண்டும் வேறு வேறு எஞ்சினாக (பக்கத்தைப் படித்துத் திரையில் வரையும் உள் நிரல்) இருக்க வேண்டும். கணினியில் குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது பிளிங்க்தான். சட்டை மட்டும் வேறு. பயர்பாக்ஸின் கெக்கோவும் சஃபாரியின் வெப்கிட்டும் தனி. ஒரு பக்கம் ஒன்றில் கோணலாகத் தெரிந்தால் இன்னொன்றில் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால், கோளாறு உங்கள் கணினியிலோ நெட்டிலோ இல்லை என்பதாவது தெரிந்துவிடும். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பகுதியைத் திறந்து பதிப்பு எண்ணையும் பாருங்கள். குரோம் 109லேயே நிற்கிறதென்றால் பெரும்பாலும் விண்டோஸ்தான் பழசு. விண்டோஸ் 7க்கு வந்த கடைசிக் குரோம் அதுதான்.

ஆடிட்டர் புதுக் கணினி வாங்கினார். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் எட்ஜில் ‘ஐஇ மோட்’ (பழைய எக்ஸ்ப்ளோரர் போலவே பக்கத்தைத் திறக்கும் வசதி) போட்டுக் கொடுத்தேன். குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. வங்கி வேலை பயர்பாக்ஸில். பழைய கணினியை நெட் ஒயரைப் பிடுங்கி மூலையில் வைத்திருக்கிறார்கள். அதில் இப்போது பழைய டேலி கணக்கு மட்டும் ஓடுகிறது.