புல்பிட்டுக்கு எனாமல் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவை கிட்டப் போய் பாருங்க

பழைய மரவேலைகளை, முக்கியமா சர்ச்ல இருக்கிற மரவேலைகளை பழுதுபார்க்கிறதுதான் என் தொழில். ஆண்டுவிழா வருதுன்னா போதும், புல்பிட் (நின்னு பிரசங்கம் பண்ற மேடை) மங்கிப்போச்சு ஒரு கோட் எனாமல் அடிச்சிடலாம்னு கமிட்டில யாராவது கிளம்பிடுறாங்க, இத பார்க்கிறப்ப எல்லாம் மனசு பதறுது.

புல்பிட்ல செதுக்கியிருக்கிறது பெரும்பாலும் சும்மா அழகுக்கு வெச்சது இல்லங்க. சிறகு வெச்ச மனுஷன், சிங்கம், காளை, கழுகு இருந்தா மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்னு அர்த்தம், வெளிப்படுத்தின விசேஷம் 4ஆம் அதிகாரத்துல சிங்காசனத்தை சுத்தி நிக்கிற நாலு ஜீவன்கள்தான் அது. தலைக்கு மேல பலகைல ஒரு கூரை இருக்கும், மைக் இல்லாத காலத்துல பிரசங்கியாரோட குரல் மேல போய் கரைஞ்சிடாம சபை பக்கம் திரும்பணும்னு வெச்சது, அதோட அடிப்பக்கத்துல புறா இருந்தா பரிசுத்த ஆவி. பெஞ்ச்ல இருக்கிறவங்க கண்ணுக்கு அது சட்டுனு படாது, அதனாலயே சரியா அந்த எடத்துல பல்ப் ஹோல்டர ஸ்க்ரூ பண்ணி முடுக்கியிருக்கிறத பார்த்திருக்கேன்.

வியன்னா ஸ்டீபன் கதீட்ரல்ல 500 வருஷத்துக்கு மேல பழமையான ஒரு கல் புல்பிட் இருக்கு, படிக்கட்டு கைப்பிடி பூரா தேரையும் பல்லியும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு கெடக்கும், உச்சில ஒரு சின்ன நாய் உக்கார்ந்திருக்கும், கெட்டது எதுவும் பிரசங்கியார்கிட்ட ஏறிடக்கூடாதுன்னு காவல். பிரஸ்ஸல்ஸ் கதீட்ரல்ல இருக்கிறது 1699ல வெர்ப்ருக்கன்ங்கிற சிற்பி செதுக்கின மர புல்பிட், கீழ ஆதாமும் ஏவாளும் தோட்டத்த விட்டு துரத்தப்படுறாங்க, உச்சில மாதாவும் குழந்தை இயேசுவும் பாம்போட தலைய சிலுவையால குத்துறாங்க, நடுவுலதான் பிரசங்கம் பண்றவர் நிக்கணும். மனுஷன் பாவத்துல விழுந்ததுக்கும் மீட்புக்கும் நடுவுல நின்னு பேசு அப்படின்னு அந்த மரமே அவர்கிட்ட சொல்லுது, எனக்கு இத விட பெரிய பிரசங்கம் தெரியல.

இப்ப விஷயத்துக்கு வரேன். எனாமல் ரெண்டு மூணு கோட் ஏறினா முதல்ல போறது நுணுக்கம்தான், கழுகோட இறகுக் கோடு, சிங்கத்தோட பிடரி எல்லாம் அடைஞ்சு மொழுக்குன்னு ஆயிடும். உள்ள இருக்கிற ஈரம் வெளிய வராது, மரம் உளுத்துப்போகும், கரையான் ஏறினாலும் வெளிய தெரியாது. சாண்டிங் மெஷின் இன்னும் மோசம், செதுக்கின முனை ஒருதடவை தேய்ஞ்சா தேய்ஞ்சதுதான். நிஜ தங்க ரேக்கு (மெல்லிசான தங்கத் தகடு) ஒட்டினதுக்கு மேல கோல்டு பெயிண்ட் அடிக்காதீங்க, அது கொஞ்ச வருஷத்துல பழுப்பேறிடும், ரேக்கு இருக்கிற எடத்துல ஈரத்துணியும் படக்கூடாது.

ராத்திரி லைட் எல்லாத்தையும் அணைச்சுட்டு போன் டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, பெயிண்ட்டுக்கு அடியில அமுங்கிப்போன கோடுகூட நிழல் விழுந்து தெரியும், எல்லாத்தையும் போட்டோ எடுத்து வெச்சுட்டு அப்புறம் ஆள கூப்பிடுங்க. கூரைப்பலகைய தாங்குற இரும்புக் கம்பி துரு புடிச்சிருக்கான்னும் அப்பவே பார்த்துடுங்க, அந்த கூரை நல்ல கனம், கீழ ஒரு மனுஷன் நிக்கிறாரு.