எடைமேடையில் எடுத்துவிட்ட ஒரு டிக்

வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கம் மூன்று ரைஸ்மில்களுக்குக் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். முதலாளி ஒருவர்தான். நெல் வண்டி எடைமேடையில் ஏறியதும் எடை கும்பகோணத்தில் உள்ள சர்வருக்குப் போகும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பணம் பட்டுவாடா.

சம்பா அறுவடை நேரம். ஒரு மில்லில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி. அதுவும் செத்திருந்தது. கரண்ட் வந்ததும் கணினி தேதியை 2015 என்று காட்டியது. 'நான்தான் அந்த சர்வர்' என்று காட்ட சர்வர் வைத்திருக்கும் டிஜிட்டல் சான்றிதழ் தொடங்குவதோ 2024-இல். 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று மென்பொருள் நின்றுவிட்டது. வெளியே டிராக்டர் வரிசை. அங்கிருந்த தம்பி 'சான்றிதழைச் சரிபார்' என்ற இடத்தில் டிக்கை எடுத்துவிட்டார். வேலை ஓடியது. எடைச்சீட்டில் 2015 என்று அச்சாவதைப் பார்த்து மறுநாள் தேதியைத் திருத்தினார், டிக்கை மறந்துவிட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் நான் பார்த்தேன்.

"எல்லாம் பூட்டித்தானே போகுது தம்பி, அப்புறம் என்ன?" என்றார் முதலாளி.

வழியில் யாரும் படிக்க முடியாதபடி எடை எண் பூட்டித்தான் போனது. அதைத் திறக்கும் சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட முறைப்படி, முன்பின் தெரியாத இருவர், ஊரே ஒட்டுக்கேட்டாலும், தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் எதிரில் இருப்பது யார் என்று அந்தக் கணக்கு சொல்லாது. நடுவில் ஒருவன் உட்கார்ந்து, எடைமேடையிடம் சர்வராகவும் சர்வரிடம் எடைமேடையாகவும் நடித்தால், இரண்டு பக்கமும் பூட்டு பத்திரமாகவே இருக்கும். 8,420 கிலோ மட்டும் 8,240 ஆகிவிடும்.

வெண்ணாற்றில் மதகு ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரிடம் யாரோ போனில் "ஷட்டரை இன்னும் ஒரு அடி ஏத்துங்க" என்றால் ஏற்றிவிடுவாரா? லைன் தெளிவாக இருந்தால் போதாது, பேசுவது தன் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) தானா என்று பார்ப்பார். முதலாளிக்கு இப்படிச் சொன்னதும் புரிந்துவிட்டது.

'இந்தச் சாவி இவருடையதுதான்' என்று நாம் நம்பும் மூன்றாமவர் போடும் கையெழுத்துதான் சான்றிதழ். அந்த மூன்றாமவரும் கவிழலாம். 2011-இல் டிஜிநோட்டார் என்ற, சான்றிதழ் தரும் டச்சு நிறுவனத்துக்குள் புகுந்தவர்கள் கூகுள் பெயரிலேயே சான்றிதழ் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு நிறுவனம் திவால்.

நம் மில் வேலைக்கு வெளியாள் கையெழுத்தே தேவையில்லை, நானே போடலாம். கையெழுத்துப் போடும் சாவியை இணையமே இல்லாத பழைய லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். இப்போது சர்வர் மட்டுமல்ல, எடைமேடையும் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். அதன் சாவி அந்தந்தக் கணினியிலேயே உருவாகிறது, வெளியே வருவதில்லை. முன்பு மூன்று மில்லுக்கும் ஒரே சாவி. அதுவும் வாட்ஸ்அப்பில் போனது. பேட்டரியை மாற்றி, நேரத்தை என்டிபி வழியாக, அதாவது நெட்வொர்க்கில் உள்ள நேர சர்வரிடமிருந்து, வாங்க வைத்தேன். அந்த நேரத்தைச் சொல்பவரை எப்படி நம்புவது என்பது இன்னொரு தலைவலி.

நான்கு மாத எடைச்சீட்டுகளையும் சர்வர் கணக்கையும் மில் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு நாள் ஒப்பிட்டோம். எல்லாம் பொருந்தியது. அந்த இரண்டு நாளுக்கு நான் பில் போடவில்லை. அந்த டிக்கை எடுக்கும் வசதியை மென்பொருளில் வைத்தவன் நான்தான்.