மெடிக்கல் ஷாப்ல பிளாஸ்டிக் ஷீட்டை விட காத்துதான் முக்கியம்

2020 மார்ச் 25 ஊரடங்கு வந்தப்ப பாதித் தெருவுக்கு ஷட்டர் இறங்கிடுச்சு, மெடிக்கல் ஷாப் மட்டும் திறந்தே இருந்துச்சு, காய்ச்சல் இருமல்னு வர்றவங்க மொதல்ல போய் நிக்கிற இடமும் அதுதான். அவசரத்துக்கு கடை முன்னாடி கயிறு கட்டுனாங்க, தரையில வட்டம் போட்டாங்க, கவுன்ட்டருக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டாங்க. இதுல எது எதுக்கு உதவும்னு தெரிஞ்சு வச்சுக்கணும், அடுத்த தொற்று வந்தாலும் அதே கடைதான் திறந்திருக்கும்.

இருமும்போது தெறிக்கிற பெரிய துளி சீக்கிரம் கீழ விழுந்துடும், அதை ஷீட் தடுக்கும். பேசும்போது வர்ற ரொம்பப் பொடித் துளி அப்படி இல்ல, அது காத்துலயே மிதந்துட்டு ஷீட்டோட ஓரம், மாத்திரை குடுக்கிற சந்து வழியா உள்ள வந்துடும். உள்ள நிக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம், வாங்குறவர் ரெண்டு நிமிஷத்துல போயிடுவாரு, இவரு காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அதே காத்தைத்தான் இழுக்கணும்.

சில்லறை மருந்துக்கடைக்கு சட்டப்படி கொறஞ்சது 10 சதுர மீட்டர் இடம் வேணும். உயரம் 3 மீட்டர்னா 30 கன மீட்டர் காத்து. மூணு பக்கமும் சுவர், பின்பக்கம் ரேக், மேல ஒரு சீலிங் ஃபேன், அது இருக்கிற காத்தையே சுத்திவிடும், அவ்ளோதான். ஸ்ப்ளிட் ஏசியும் அப்படித்தான், வெளிக்காத்தை எடுக்கவே எடுக்காது. மணிக்கு ஒரு தடவைதான் காத்து மாறுதுன்னா, புதுக்காத்து பழசோட கலந்து கலந்துதான் வெளிய போறதால, மிதக்கிறதுல 99 சதவீதம் வெளிய போக நாலரை மணி நேரத்துக்கு மேல ஆகும். மணிக்கு 300 கன மீட்டர் தள்ளுற சின்ன ஃபேன் ஒண்ணு போட்டா பத்து தடவை மாறும், அதே வேலை 28 நிமிஷத்துல முடிஞ்சிடும்.

ஆனா ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம்ங்கிறதைப் பாக்கணும். பின்சுவர்ல எக்ஸாஸ்ட் வச்சு வெளிய இழுத்தா, முன்னாடி நிக்கிறவர் விடுற மூச்சு நேரா கவுன்ட்டரைத் தாண்டி கடைக்காரர் மூஞ்சிக்குத்தான் வரும். பின்னாடி சுத்தமான திறந்த வெளி இருந்தா ஃபேனை உள்பக்கம் ஊதுற மாதிரி மாட்டுறதுதான் சரின்னு நான் சொல்லுவேன், புதுக்காத்து பின்னாடி இருந்து வந்து தெருப்பக்கம் போயிடும், வெளிய அது கலைஞ்சிடும். உள்ள இருக்கிறவங்க மாஸ்க்கைக் கழட்டக் கூடாது, ஏன்னா இப்ப அவங்க மூச்சுதான் வெளிய போகுது.

மே மாச வெயில்ல இன்னொரு சிக்கல், நிறைய மாத்திரை 30 டிகிரிக்குள்ள இருக்கணும், அதனால ஏசியை நிறுத்திட்டு கதவைத் திறந்து வைங்கன்னு சும்மா சொல்லிட முடியாது. ஏசியும் ஓடணும் ஃபேனும் ஓடணும், கரண்ட் பில் கூடத்தான் செய்யும். இன்சுலின் எப்படியும் 2லிருந்து 8 டிகிரி ஃபிரிட்ஜ்லதான்.

கயிறு கட்டித் தள்ளி நிக்க வச்சா இன்னொண்ணும் நடக்கும், ஷீட்டுக்கு அந்தப்பக்கம் கேக்காதுன்னு கத்துவாங்க, வயசானவங்க மாஸ்க்கை இறக்கிட்டு சந்துல வாயை வச்சுப் பேசுவாங்க. சத்தமா பேசப் பேச வெளிய வர்ற துளியும் கூடும். அதுக்கு டாக்டர் சீட்டை வாட்ஸ்அப்ல முன்னாடியே அனுப்பச் சொல்றது ரொம்ப நல்ல வழி, சுகர் மாத்திரை பிரஷர் மாத்திரைன்னு மாசாமாசம் வாங்குறவங்களுக்குக் கட்டி ரெடியா வச்சிட்டா பேச்சே தேவையில்ல. காலையில எத்தனை ராத்திரி எத்தனைன்னு ஸ்ட்ரிப் கவர் மேலயே பெருசா எழுதிக் குடுத்துடலாம். பிரஷர் பாக்குற நாற்காலியை உள்மூலையில இருந்து எடுத்து வாசல் நிழல்ல போட்டுடணும்.