உடைந்த உண்டியலும் ரோட்டுக்கடைக் காளானும்

"இவன் கையில காசே நிக்கறதில்லைங்க மேடம். நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க" என்றபடி உட்கார்ந்தார் அந்த அம்மா. 12 வயதுப் பையன் நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் நின்றான். பொங்கலுக்கு வந்த தாய்மாமன் கையில் வைத்துவிட்டுப் போன 200 ரூபாய் அன்று சாயங்காலத்தைத் தாண்டவில்லை. நாலு சேக்காளிகளைக் கூட்டிப்போய் ரோட்டுக்கடையில் காளான் வாங்கிக் கொடுத்து முடித்துவிட்டான். "நாங்க பனியன் கம்பெனில பிசிர் வெட்டியும் செக்கிங் பாத்தும் கஞ்சி குடிக்கறோம். இவன் மகாராசாவாட்ட செலவு பண்றான்."

திருப்பூரில் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்தப் புகார் பழக்கமானதுதான். (இங்கே சொல்லும் பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "கொஞ்சம் எடுத்து வச்சிருக்கலாமே சாமி?" என்று கேட்டேன்.

"வச்சா அப்பா வாங்கிக்குவாருங்க."

கோபமில்லாமல் சொன்னான். நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னான். அப்புறம் மெல்ல மெல்லக் கதை வந்தது. மாரியம்மன் நோம்பிக் கடையில் வாங்கிய மண் உண்டியல். ஒரு வியாழக்கிழமை குழு லோன் டியூ கட்டப் பணம் குறைய, அப்பா அதைத் திண்ணையில் தட்டி உடைத்தார். உள்ளே 620 ரூபாய். "சனிக்கிழமை சம்பளம் வந்ததும் தந்துடறேன் கண்ணு" என்றார். எந்தச் சனிக்கிழமை என்று சொல்லவில்லை. உடைந்த ஓடுகளைப் பெருக்கி அள்ளியது பையன்தான்.

சரி, இப்போது சொல்லுங்கள், அந்த 200 ரூபாயை அவன் என்ன செய்திருக்க வேண்டும்? வைத்திருந்தால் அது டியூவுக்குப் போகும். காளான் வாங்கிக் கொடுத்தால் நாலு பேரிடம் ஒரு நாள் மதிப்பு கிடைக்கும், அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. அவன் கணக்கில் பிழையில்லை. அவன் வீட்டுக்கு அதுதான் சரியான கணக்கு.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2013ல் வெளியானது. மேசையில் ஒரு மிட்டாய். இப்போதே தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும். இது பழைய சோதனைதான். புதிதாகச் சேர்த்தது என்னவென்றால், அதற்கு முன்பே "படம் வரைய நல்ல சாமான் கொண்டுவருகிறேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள், மீதிப் பேரிடம் "இல்லை, மன்னிச்சுக்கோ" என்றார்கள். பிறகு மிட்டாய். வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். மொத்தம் 28 பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. ஆனால் என் அறையில் வாரம் தவறாமல் பார்ப்பதை அது சொல்கிறது. சேமிப்புப் பழக்கம் என்று நாம் சொல்வதில் பாதி, பெரியவர்கள் சொன்ன சொல்லில் நிற்பார்கள் என்ற நம்பிக்கை.

இதைப் படித்துவிட்டு அந்த அப்பாவைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி, புதன்கிழமை அண்ணாச்சி கடையில் கடன் என்று பனியன் கம்பெனிக் குடும்பங்களைக் கேலி செய்வோர் உண்டு. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் நின்றவர்களுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லையென்றால் எப்படி? 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு, எனக்குத் தெரிந்த சில வீடுகளில் அந்த ஒன்றரை ஷிப்டும் சுருங்கியது. இல்லாத காசைச் சேமிக்கச் சொல்லும் அறிவுரையை நான் விட்டுப் பல வருடமாகிறது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று, அதே 2013ல் சயின்ஸ் இதழில் வந்தது. அறுவடைக்கு முன் கைமுடையான நேரத்தில் யோசிக்கத் திணறிய அதே ஆட்கள், அறுவடைப் பணம் வந்த பிறகு நன்றாகவே செய்தார்கள். முடை மூளையையும் பிடித்துக்கொள்கிறது. டியூ நாளில் அப்பா எரிந்து விழுவதைப் பிள்ளை தன் தப்பு என்று எடுத்துக்கொள்கிறது, அதுதான் சிக்கல்.

செலவு பண்ணுகிற பிள்ளையை விட, எதையுமே கேட்காத பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். அஞ்சாவது படிக்கும் ஒரு பொண்ணு. "வயசுக்கு மீறின பொறுப்பு" என்று டீச்சர் மெச்சுகிற பிள்ளை. அடிக்கடி வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்விட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டு என்னிடம் வந்தாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து படம் வரையச் சொன்னேன். காம்பஸுக்கு அடியில் தபால்தலை அளவுக்கு மடித்த ஒரு காகிதம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு வந்தது, வீட்டில் காட்டவே இல்லை. "எனக்கு பஸ்ல வாந்தி வரும்"னு டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். வருமா என்று கேட்டேன். வராதாம்.

வயிற்றுவலி எந்த நாளில் வருகிறது என்று எழுதி வைக்கச் சொன்னேன். டியூ நாளில்தான். கதவைத் தட்டும்போது "அம்மா இல்லைங்க, ஊருக்குப் போயிட்டாங்க" என்று சொல்ல அனுப்பப்படுவது இவள்தான். அம்மா அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளியே நிற்பவர் இவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்.

தயவு செய்து பிள்ளையைக் கதவுக்கு அனுப்பாதீர்கள். கடனைச் சுமப்பது பெரியவர்கள் வேலை. பொய் சொல்லிக் காப்பாற்றும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்தால், காசு என்றாலே ஒளிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்று படிந்துவிடும். அதற்காக எதையும் சொல்லாமல் மறைப்பதும் உதவாது, தகர ஷீட் போட்ட லைன் வீட்டில் எந்த ரகசியம் நிற்கும்? "இந்த மாசம் செருப்பு முடியாது சாமி, வர்ற மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வாங்கலாம்" என்று நாள் சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாதென்றே சொல்லுங்கள். "பாக்கலாம்" என்ற சொல்லைத்தான் பிள்ளைகள் வெறுக்கிறார்கள். ஆசிரியர்களுக்கும் ஒன்று: காசு தராதவர்களை வகுப்பில் எழுப்பி நிறுத்த வேண்டாம்.

பெரிய பிள்ளைகளிடமும் இதே சங்கதிதான். மே மாத லீவில் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போகிற பையனுக்குச் சனிக்கிழமையானால் கையில் நோட்டு. காலேஜ் என்பதோ "பாக்கலாம்" ரகம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022ல் வந்த புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாயை அவரவர் வங்கிக் கணக்கிலேயே போடுகின்றன. பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் தன் பேரில் வருகிற காசு என்றதும், அதை வைத்துத் திட்டம் போடும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

காளான் பையனின் அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவழைத்தேன். உண்டியல் பேச்செடுத்ததும் தலை குனிந்துகொண்டார், அவருக்கும் மறக்கவில்லை. அந்த 620 தீரும்வரை வாரம் 50 ரூபாய், சனிக்கிழமை ராத்திரி, பையன் கையில். பையன் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் முடியாது போனால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும், ஒளியக் கூடாது. பையன் அதைக் கொண்டு என்ன வாங்கினாலும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்குத்தான் அம்மா முகம் சுளித்தார்.

நடுவில் ஒரு வாரம் தவறியது. சொல்லிவிட்டுத் தவறினார், அடுத்த வாரம் நூறாகக் கொடுத்தார். பையன் இரண்டு தடவை காளான் தின்றான். மூன்றாவது தடவை போகவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன மாதம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். அப்பா பேரைப் போட்டு, தேதி போட்டு, கீழே "பாக்கி 70" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

"வட்டி போடலையா?" என்றேன்.

"அப்பாங்கறதால உட்டுட்டனுங்க" என்றான்.